பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920): கோணல் வீடும் நேரான இருவரும்

வேப்பம்பூ (இழையைத் தொடங்கியவர்)

ஊமைப்பட நகைச்சுவை என்று பேச்செடுத்தாலே சாப்ளினில் தொடங்கி சாப்ளினிலேயே முடிந்துவிடுகிறது. எனக்கும் சாப்ளின் பிடிக்கும். ஆனால் பஸ்டர் கீட்டனின் ஒரே ஒரு குறும்படத்துக்காகத் தனியாக ஓர் இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 1920 செப்டம்பரில் வெளிவந்த ‘ஒன் வீக்’. இரண்டு ரீல், இருபது நிமிடத்துக்கு முன்னே பின்னே.

பார்க்காதவர்களுக்காகக் கதை. புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி, புருஷனாக வருவது கீட்டனேதான். மாமா ஒரு மனையும் வீடும் பரிசாகத் தருகிறார். வீடு என்றால் கட்டிய வீடு இல்லை. பெட்டி பெட்டியாக மரம், எண் போட்டு, எப்படிக் கட்டுவது என்ற தாளோடு வந்து இறங்குகிறது. அந்தப் பெண்ணை விரும்பி ஏமாந்த ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டிகளின் எண்களைப் பெயிண்ட் அடித்து மாற்றிவிடுகிறான். இது தெரியாமல் இவர்கள் தாளில் உள்ளபடியே கட்டுகிறார்கள். மாடிக் கதவைத் திறந்தால் அந்தரம். சமையலறைச் சாமான்கள் வெளிச்சுவரில். கூரை அந்த வீட்டுக்கு உரியதாகவே தெரியாது. நாள்காட்டித் தாள் ஒவ்வொன்றாகக் கிழிய, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரே வாரத்தில் எல்லாம் நடந்து முடிகிறது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வீட்டைப் பற்றியும் கடைசியில் வருகிற ரயிலைப் பற்றியும்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தப் பெண். சிபில் சீலி என்ற நடிகை. அந்தக் காலத்துக் குறும்படங்களில் கதாநாயகி என்றால் பெரும்பாலும் ஓரமாக நின்று பயப்படுவாள், துரத்தப்படுவாள், கடைசியில் முத்தம் கொடுப்பாள். இவள் அப்படி இல்லை. கூடவே வேலை செய்கிறாள், தள்ளுகிறாள், இழுக்கிறாள். வீடு கோணலாக வந்து நிற்கும்போது புருஷனை ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. சுவரில் இரண்டு இதயம் வரைந்து அம்பு விடுகிறாளே, அந்த இடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

படத்தின் முதல் எழுத்து அட்டையில், கல்யாண மணியின் ஓசை இனிப்பு, அதன் எதிரொலி புளிப்பு என்கிற பொருளில் ஒரு வாசகம் வரும். அடுத்த இருபது நிமிடமும் அந்த வாசகத்தைப் பொய்யாக்குவதற்காகவே எடுத்ததுபோல எனக்குத் தோன்றுகிறது. கெட்டது அத்தனையும் வீட்டுக்கு நடக்கிறது. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றுமே கெடுவதில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

மாடிப்படி

இப்போதுதான் பார்த்து முடித்தேன் அக்கா. நூறு வருஷத்துக்கு முந்தைய படம் என்று சொன்னால் நம்ப முடியவில்லை. புது வீட்டு விருந்தில் காற்றடித்து வீடே சுற்றும்போது அறையில் நான் ஒருத்தன்தான் இருந்தேன், வாய்விட்டுச் சிரித்தேன். அது எப்படிச் சுற்றுகிறது? மாதிரி வீடு செய்து சுற்றினார்களா?

---

ஒற்றை ரீல்

மாதிரி இல்லை தம்பி, முழு அளவு வீடுதான். அடியில் சுழல்மேடை வைத்து, அதன்மேல் வீட்டைக் கட்டிச் சுற்றினார்கள். கீட்டன் படங்களில் இந்த மாதிரி இயந்திர வேலைகளுக்குப் பின்னால் இருந்தவர் ஃப்ரெட் கபோரி. கேமரா எல்ஜின் லெஸ்லி. இயக்கம் கீட்டனும் எடி கிளைனும் சேர்ந்து.

கீட்டனுக்கே இயந்திரம் என்றால் உயிர். 1917இல் நியூயார்க்கில் ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற நகைச்சுவை நடிகரின் படப்பிடிப்புக்கு முதல் தடவை போனபோது, கேமரா எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள அதைக் கழற்றிப் பார்த்த ஆள் அவர். அதற்கு முன் சினிமாவில் அவருக்கு ஒரு அனுபவமும் கிடையாது. சின்ன வயதிலிருந்து அப்பா அம்மாவோடு மேடையில் விழுந்து எழுந்து சிரிக்கவைத்தவர். அப்புறம் ஆர்பக்கிளோடு மூன்று வருஷம், நடுவில் முதல் உலகப் போருக்காகப் பிரான்சில் ராணுவ சேவை, திரும்பி வந்து 1920இல் சொந்த ஸ்டுடியோ. அந்த ஸ்டுடியோவில் அதற்கு முன்னால் படம் எடுத்தவர் சாப்ளின்தான்.

இன்னொன்று. ‘ஒன் வீக்’ அவர் தனியாக எடுத்த முதல் படம் இல்லை. அதற்கு முன்பே ‘தி ஹை சைன்’ என்று ஒன்று எடுத்து முடித்திருந்தார். அது அவருக்குத் திருப்தி இல்லை, தூக்கி உள்ளே வைத்துவிட்டார். மக்கள் முன்னால் முதலில் போவது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ‘ஒன் வீக்’கை விட்டார். ‘ஹை சைன்’ 1921இல்தான் வெளியே வந்தது. கால் முறிந்து அவர் படம் எடுக்க முடியாமல் கிடந்த நேரம் அது. இருபத்து நான்கு வயதுப் பையன், கையில் தயாராக இருக்கிற படத்தை ‘இது போதாது’ என்று ஒதுக்கி வைத்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை கூடுகிறது.

---

தாழ்வாரம்

என் அப்பா தச்சு வேலை செய்தவர். அதனால் இந்தப் படத்தை நான் பார்ப்பது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

பழைய வீட்டைப் பிரித்து அதே மரத்தை இன்னோர் இடத்தில் மாட்டுகிற வேலை வந்தால், அப்பா பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு உத்தரத்திலும் கைமரத்திலும் உளியால் கோடு போட்டுவிடுவார். தூண் இத்தனை கோடு, அதில் உட்காரும் விட்டத்துக்கு அதே கோடு. கோடு அழிந்துபோனால் அந்த மரம் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒருமுறை வண்டிக்காரர் மரத்தை மழையில் இறக்கிப் போட்டுச் சேறு அப்பி, கோடு தெரியாமல் அரை நாள் எல்லாவற்றையும் கழுவினோம். நான் அப்போது ஏழாவது படித்தேன். கழுவுவதும் தேடுவதும் என் வேலை.

அதனால் அந்த எதிராளி பெயிண்ட் டப்பாவோடு வந்து எண்ணை மாற்றும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு கலங்கியது. எவ்வளவு சின்ன வேலை, எவ்வளவு பெரிய கேடு! ஒரு கோடு கூட்டினால் போதும். அதற்குப் பிறகு கட்டுகிறவன் எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறானோ அவ்வளவுக்கு வீடு கோணும். கீட்டன் சோம்பேறி இல்லை, முட்டாளும் இல்லை. தாளைப் பார்த்து, எண்ணைப் பார்த்து, ஒரு மரத்தைக்கூட விடாமல் பொருத்துகிறார். கதையின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தப்புத் தப்பாக வேலை செய்து மாட்டிக்கொள்கிறவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். இவர் சரியாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்.

இந்தப் பெட்டி வீடுகள் கற்பனை இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908 முதல் 1940 வரை பட்டியல் புத்தகம் போட்டு, தபாலில் ஆர்டர் வாங்கி, இந்த வீடுகளை விற்றது. 70,000க்கும் மேல் விற்றதாகச் சொல்வார்கள். அளவெடுத்து அறுத்து எண் போட்ட மரம் ரயில் பெட்டியில் வந்து இறங்கும். வாங்கியவர் தானே கட்டலாம், ஆள் வைத்தும் கட்டலாம். அவற்றில் நிறைய இன்னும் நிற்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள். 1920இல் கொட்டகையில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களில் சிலர் அப்படி ஒரு வீட்டிலிருந்து கிளம்பி வந்திருப்பார்கள். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

---

ஒற்றை ரீல்

அருமையான பதிவு அண்ணா. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1919இல் ஃபோர்டு மோட்டார் நிறுவனம் இந்த மாதிரி வீடு கட்டுவதைப் பற்றி ‘ஹோம் மேட்’ என்று ஒரு குறும்படம் எடுத்தது. அதிலும் கல்யாணம் உண்டு, நாள்காட்டித் தாள் கிழிவது உண்டு. கீட்டன் அதைப் பார்த்துத்தான் இதைப் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கும், இங்கே அதே ஒழுங்கு தலைகீழாகிறது.

---

குமரிக்கடல்

எல்லோரும் இப்படிப் பாராட்டுகிற இடத்தில் மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். நான் இந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். வித்தை பிரமாதம், மறுக்கவே இல்லை. ஆனால் மனசில் ஒன்றும் தங்கவில்லை. பியானோ வருகிறது, அதற்கொரு சிரிப்பு. தரைவிரிப்பு, அதற்கொரு சிரிப்பு. புகைபோக்கி, அதற்கொன்று. மாலை கட்டாமல் பூவை உதிரியாகக் கொட்டின மாதிரி இருக்கிறது. வேப்பம்பூ சொல்லும் அந்த அன்பு இதில் எங்கே இருக்கிறது? கீட்டன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சாப்ளின் ஒரு பார்வையில் கண்ணில் நீர் வரவைப்பார். இவர் முகத்தைப் பார்த்து நான் எதைப் புரிந்துகொள்வது?

---

வேப்பம்பூ

குமரிக்கடல், இதற்கு எதற்கு மன்னிப்பு? இப்படிப் பேசினால்தானே இழை.

பியானோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டுவருகிறவர் ஜோ ராபர்ட்ஸ், மலை மாதிரி ஆள். தோளில் சும்மா சுமந்துகொண்டு வருகிறார். கீட்டனிடம் கொடுத்ததும் கீட்டன் அதன் அடியில் மாட்டிக்கொள்கிறார். அப்புறம் கயிறு கட்டி உள்ளே இழுக்கிறார். கயிறு மாட்டியிருப்பது கூரைத்தளத்தில். இழுக்க இழுக்கத் தளம் துணி மாதிரித் தொய்கிறது, விட்டதும் எம்பி மேலே இருக்கிறவனைத் தூக்கி எறிகிறது. நீங்கள் இதைத் தனிப் பூ என்கிறீர்கள். எனக்கு இதில் தெரிவது, ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள் ஒரு பியானோ இருக்க வேண்டும் என்று எவ்வளவு பாடுபடுகிறான் என்பது. தரைவிரிப்பும் அப்படித்தான். தன் கோட்டையும் சேர்த்து வைத்து ஆணி அடித்துவிடுகிறார். கோட்டை எடுக்க விரிப்பை வெட்டுகிறார். வெட்டிய ஓட்டையின்மேல் சின்ன விரிப்பு ஒன்றைப் போட்டு மூடுகிறார். வெட்டிய துண்டை வீணாக்காமல் வாசலில் கால் மிதியடியாகப் போடுகிறார். கல்யாணம் ஆகி முதல் வீட்டில் குடியேறினவர்களைக் கேட்டுப் பாருங்கள், இப்படி மூடின ஓட்டை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.

முகத்தைப் பற்றி. அவர் முகம் அசையாதுதான். ஆனால் உடம்பு முழுக்கப் பேசுகிறதே. புது வீட்டைக் கட்டி முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிற அந்த நிற்றலைப் பாருங்கள். கட்டுகிற தாளை ஒரு தடவை, வீட்டை ஒரு தடவை. அழவும் இல்லை, கோபமும் இல்லை. சரி, ஆனது ஆச்சு, இனி இதில் எப்படி இருப்பது என்று யோசிக்கிறார். கஷ்டத்தில் என் அப்பா முகம் அப்படித்தான் இருக்கும். அதனால் எனக்கு அது புரிகிற முகம்.

---

தென்னங்கீற்று

குளியல் காட்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் பெண்ணோடு (ஒன்பது வயது) பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தொட்டியில் குளிக்கும்போது சோப்பு கைதவறிக் கீழே விழுகிறது. எழுந்துதான் எடுக்க வேண்டும். அவள் நம்மைப் பார்க்கிறாள். உடனே ஒரு கை வந்து கேமராவை மூடிக்கொள்கிறது. சோப்பு எடுத்து உட்கார்ந்ததும் கை விலகுகிறது, அவள் சிரிக்கிறாள். என் பெண் உடனே கேட்டாள், “அம்மா, அது யாரோட கை?”

என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

---

ஒற்றை ரீல்

உங்கள் பெண் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. கதைக்குள் யாருடைய கையும் இல்லை அது. படம் எடுக்கிறவர்களில் ஒருவரின் கை என்றுதான் நாம் எடுத்துக்கொள்ள முடியும். இது சினிமாதான், இந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறோம் என்று படமே ஒரு கணம் ஒத்துக்கொள்கிறது. 1920இல் இதைச் செய்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

---

குமரிக்கடல்

அந்தக் காட்சி எனக்கும் பிடித்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இளைஞர்களைக் கிளுகிளுப்பூட்ட வைத்தது இல்லையா? சிபில் சீலி அதற்கு முன் மாக் செனட் என்ற தயாரிப்பாளரின் நகைச்சுவைப் படங்களில் நீச்சலுடைப் பெண்களில் ஒருவராக வந்தவர் என்று படித்தேன்.

---

வேப்பம்பூ

அப்படி ஆரம்பிக்கிறது, உண்மைதான். ஆனால் முடிவது வேறு இடத்தில். கேமரா அவளை ஒளிந்திருந்து பார்ப்பதில்லை. அவளுக்கு நாம் இருப்பது தெரியும். ‘கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்’ என்று கேட்கிற மாதிரிப் பார்க்கிறாள், படம் திரும்பிக்கொள்கிறது. அவள் நன்றியாகச் சிரிக்கிறாள். நம் வீடுகளில் யாராவது உடை மாற்றும்போது கூட இருப்பவர் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்களே, அந்த மரியாதை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் கதையில் வருகிற ஒரு பெண் இல்லை, நமக்குத் தெரிந்தவள்.

சிபில் சீலி கீட்டனோடு ஐந்து படங்களில் நடித்தார். ‘ஒன் வீக்’, ‘கன்விக்ட் 13’, ‘தி ஸ்கேர்குரோ’ மூன்றும் 1920. 1921இல் ‘தி போட்’, 1922இல் ‘தி ஃப்ரோஸன் நார்த்’. அதன் பிறகு சினிமாவை விட்டுவிட்டார். திரைக்கதை எழுத்தாளர் ஜூல்ஸ் ஃபர்த்மேனின் மனைவி. கீட்டனுக்கு வாய்த்த ஜோடிகளில் இவரைப் போல ஈடுகொடுத்தவர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம். பக்கத்தில் நின்றால் நிஜமான கணவன் மனைவி மாதிரியே இருப்பார்கள்.

---

மாடிப்படி

அந்த மாடிக் கதவிலிருந்து விழுகிறாரே, அதில் ஏதாவது தந்திரம் உண்டா? இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெட்டு எதுவும் தெரியவில்லை.

---

ஒற்றை ரீல்

தந்திரம் தரையில் இருக்கிறது தம்பி. விழும் இடத்தில் பள்ளம் தோண்டி, வைக்கோலை நிரப்பி, மேலே புல்தரையைப் பெயர்த்து வைத்து மூடினார்கள். பார்க்க உறுதியான தரை மாதிரி இருக்கும், விழுந்தால் அமுங்கும். ஆனால் விழுந்தது அவர்தான், அந்த உயரத்திலிருந்துதான். கொஞ்ச நேரத்தில் முழங்கை இரண்டும் வீங்கிவிட்டன. சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் மாற்றி மாற்றி ஊற்றி, எண்ணெய் தடவி, குதிரைக்குப் போடுகிற தைலம் போட்டுத் தேய்த்துச் சரிசெய்தார்களாம்.

சுவர் விழும் இடத்தையும் கவனியுங்கள். சுவர் அவர்மேல் சாய, ஜன்னல் ஓட்டை சரியாக அவர் நிற்கிற இடத்தில் வந்து இறங்கும். 1928இல் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் ஒரு முழு வீட்டு முகப்பே அவர்மேல் விழும், உலகத்துக்கே தெரிந்த காட்சி. அதன் ஆரம்பம் இந்த மாதிரி இடங்கள்தான். 1919இல் ஆர்பக்கிளோடு எடுத்த ‘பேக் ஸ்டேஜ்’ படத்தில் மேடைத் தட்டி ஒன்று ஆர்பக்கிள்மேல் இப்படி விழும். ‘ஒன் வீக்’கில் சுவராகிறது. எட்டு வருஷம் கழித்து வீடாகிறது. ஒரே யோசனையை ஒன்பது வருஷம் வளர்த்திருக்கிறார்.

---

தாழ்வாரம்

சுவர் சுழல்கிற இடத்தையும் விடாதீர்கள். நடுவில் அச்சு வைத்த மாதிரிச் சுழன்று, மேலே இருப்பவரைக் கீழேயும் கீழே இருப்பவரை மேலேயும் கொண்டுபோய் விடும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். அந்த எடையை அப்படிச் சுற்றவைக்க அச்சு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். கோணலான வீட்டைக் கட்ட நேரான கணக்கு வேண்டும். ஒழுங்கான வீட்டுக்காவது ரசமட்டம் இருக்கிறது, மூலைமட்டம் இருக்கிறது. இதற்கு எதை வைத்து அளப்பது?

---

தென்னங்கீற்று

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நாங்கள் வீடு கட்டினோம். ஒப்பந்தத்துக்கு விட்டோம். யார் என்று சொல்வது இங்கே தேவையில்லை. பாதிப் பணம் வாங்கிக்கொண்டு தளம் போட்டதோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். படிக்கட்டு ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு. சமையலறை வாசக்கால் வைத்த இடம் வரைபடத்தில் இருந்த இடமே இல்லை. கேட்டால் இதுதான் சரி என்றார்கள். ஆறு மாதம் நானும் என் கணவரும் அதைப் பற்றிப் பேசினாலே சண்டை. நீ சொல்லித்தான் அவரிடம் கொடுத்தோம், நீங்கள் போய்ப் பார்க்கவே இல்லை, இப்படி. வீட்டைவிட அந்தச் சண்டைதான் எங்களைப் பாதியாக்கியது.

போன வாரம் இந்த இழையைப் பார்த்துவிட்டு ராத்திரி இருவரும் சேர்ந்து படத்தைப் பார்த்தோம். விருந்து நாள், வெள்ளிக்கிழமை 13ஆம் தேதி, மழை பிடித்துக்கொள்கிறது. கூரை ஒழுகுகிறது. வந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே குடை பிடிக்கிறார்கள். காற்றில் வீடு சுற்ற ஆரம்பித்து, உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராக வெளியே வீசுகிறது. என் கணவர் சத்தம் போட்டுச் சிரித்தார். நான் அவர் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாச்சு. அப்புறம் மறுநாள் சனிக்கிழமைக் காட்சி வருகிறது. இருவரும் நனைந்துபோய் அந்தச் சிதைந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, “இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டவே மாட்டாங்களா?” என்று கேட்டார்.

வேப்பம்பூ, நீங்கள் முதல் பதிவில் எழுதியதை அவர் படிக்கவில்லை. அவராகவேதான் கேட்டார்.

---

வேப்பம்பூ

தென்னங்கீற்று, இதை எழுதியதற்கு நன்றி. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வீட்டு வேலை இப்போது முடிந்துவிட்டதா?

---

தென்னங்கீற்று

முடிந்துவிட்டது. வேறொரு கொத்தனார் வந்து படியை இடித்துக் கட்டிக்கொடுத்தார். வாசக்கால் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பழகிவிட்டது.

---

குமரிக்கடல்

மூன்றாவது தடவை பார்த்தேன். தென்னங்கீற்று எழுதியதற்குப் பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். உதிரிப் பூ என்று சொன்னது கடைசி ஐந்து நிமிடத்துக்குப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள் வந்து, நீங்கள் வீடு கட்டியிருப்பது உங்கள் மனையில் இல்லை, உங்கள் மனை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்கிறான். இந்த நிலைமையில் யாராக இருந்தாலும் உட்கார்ந்து அழுவார்கள். இவர்கள் வீட்டுக்கு அடியில் பீப்பாய்களைக் கொடுத்து உருட்டக் கிளம்புகிறார்கள். காரைக் கட்டி இழுக்கிறார்கள். அது சரிப்படவில்லை என்று காரை வீட்டோடு சேர்த்து ஆணியே அடிக்கிறார். கார் கிளம்பினால் அடிச்சட்டம் மட்டும் ஓடுகிறது, மேல்பாகம் வீட்டோடு நிற்கிறது. கடைசியில் வீடு தண்டவாளத்தின்மேல் சிக்கிக்கொள்கிறது.

ரயில் வருகிறது. தள்ளிப் பார்க்கிறார்கள், முடியவில்லை. விலகி நின்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது! அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூளாக்கிவிட்டுப் போகிறது. மூன்றாவது தடவை பார்க்கிறேன், வருவது தெரியும், அப்படியும் மூச்சு விட்டேன்.

இதை எப்படிச் செய்தார் என்று யோசித்தேன். கேமராவை எங்கே வைத்திருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. வீடு இரண்டு தண்டவாளத்தில் எதில் நிற்கிறது என்பது அந்தக் கோணத்தில் நமக்குத் தெரியாது. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே தடம் மாதிரித்தான் தெரிகிறது. ரயில் விலகிப் போகும்போதுதான் இரண்டு தடம் என்று தெரிகிறது, தெரிந்த சந்தோஷத்தில் அடுத்த தடத்தை மறந்துவிடுகிறோம். பொய் சொல்லவே இல்லை. கண் முன்னால் இருந்ததை நாம்தான் பார்க்கவில்லை.

அன்பைப் பற்றி நான் சொன்னதை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. சாப்ளின் எனக்கு இன்னமும் ஒரு படி மேல்தான். ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியது தப்பு. இடிபாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர் முகத்தில் இருப்பதற்கு எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

---

தாழ்வாரம்

அதற்கு அடுத்து அவர் செய்வதுதான் எனக்கு. ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகையை எடுத்து வந்து இடிபாட்டில் வைக்கிறார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, வீடு கட்டும் தாளையும் அதோடு வைக்கிறார். வாங்குகிறவனுக்கு வேண்டுமே! வேலை தெரிந்தவனின் நாணயம் அது. சரக்கு எப்படி இருந்தாலும் கணக்குத் தாளோடுதான் கொடுக்க வேண்டும்.

---

மாடிப்படி

யூடியூபில் நாலைந்து பிரதி இருக்கிறது. ஒன்று 19 நிமிடம், ஒன்று 25 நிமிடம். எதைப் பார்ப்பது? ஏதாவது வெட்டியிருக்கிறார்களா? அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

---

ஒற்றை ரீல்

பெரும்பாலும் வெட்டு இல்லை தம்பி, ஓடுகிற வேகம்தான் வித்தியாசம். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வினாடிக்கு இத்தனை சட்டகம் என்று கறாரான கணக்கு கிடையாது. பேசும் படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. குறைந்த வேகத்தில் எடுத்ததை 24இல் ஓட்டினால் ஆட்கள் எறும்பு மாதிரி ஓடுவார்கள். ஊமைப்படம் என்றாலே துடுக்துடுக்கென்று நடப்பது என்ற எண்ணம் இதனால்தான் வந்தது. நகைச்சுவைப் படத்தில் கொஞ்சம் வேகம் வேண்டுமென்றே வைத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் கீட்டன் விழும்போது அவர் உடம்பின் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு வேறு பாருங்கள். படம் தெளிவாக இருப்பதும் முக்கியம், பெட்டி எண்கள் படிக்கத் தெரிய வேண்டும் இல்லையா.

இசையும் பிரதிக்குப் பிரதி மாறும். அன்றைக்கு ஒவ்வொரு கொட்டகையிலும் அங்கே இருந்த பியானோக்காரரோ குழுவோ வாசித்ததுதான். அதனால் இதுதான் இந்தப் படத்தின் இசை என்று ஒன்று கிடையாது. அடிக்கடி ‘டொய்ங்’ ‘டங்’ என்று சத்தம் சேர்த்த பிரதியைத் தவிர்த்துவிடுங்கள். ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டும் பார்க்கலாம். நான் ரயில் காட்சியை அப்படித்தான் பார்ப்பேன்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காப்பாற்ற வேண்டிய படங்களின் பட்டியலில் 2008இல் இதையும் சேர்த்தது. ஒரு காலத்தில் கீட்டன் படங்களின் நிலைமை மோசம். 1950களில் நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கிக் குடியிருந்த வீடு முன்பு கீட்டனுடையது. அந்த வீட்டில் மறந்து கிடந்த படச் சுருள்களை மேசன் கண்டெடுத்துக் கொடுத்தார். கீட்டன் 1966இல் இறப்பதற்கு முன்பே அவர் படங்களை மக்கள் மறுபடி தேடிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அதை அவர் கண்ணால் பார்த்தார் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

---

மாடிப்படி

அம்மாவுக்குக் காட்டினேன். நிதானமாக ஓடுகிற பிரதியைத்தான் போட்டேன். எழுத்து அட்டைகளை மட்டும் நான் தமிழில் சொன்னேன், மற்றது எதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ரயில் இடித்ததும் அம்மா “அடப்பாவமே” என்றார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகும்போது, “இனிமே வாடகை வீட்டுலயே இருக்கட்டும், நிம்மதி” என்றார். நாங்கள் இருபத்திரண்டு வருஷமாக வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

---

வேப்பம்பூ

அம்மாவுக்கு என் அன்பைச் சொல் தம்பி.

அடுத்து ‘தி போட்’ பார்க்கச் சொல். 1921. அதே கீட்டன், அதே சிபில் சீலி, இப்போது இரண்டு பையன்கள் வேறு. வீட்டுக்குள்ளேயே படகு கட்டுகிறார். கட்டிய படகு வாசல் அளவைவிடப் பெரிது, வெளியே இழுத்தால் வீடு இடிந்து விழுகிறது. வாடகை வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று அம்மா மறுபடி சொல்வார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்த்துவிட்டு வந்தால் இங்கேயே பேசலாம். குமரிக்கடல், நீங்களும் கட்டாயம் வர வேண்டும்.

---

குமரிக்கடல்

வருகிறேன். ஆனால் அதற்குள் நீங்கள் சாப்ளினின் ‘தி இமிக்ரன்ட்’ பார்த்துவிட்டு வாருங்கள். 1917. அதுவும் இரண்டு ரீல்தான்.